சிகிச்சை முடிந்த பிறகு எந்த ஸ்கேன்?
மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட சகோதரிகளுக்கும் அவர்களது குடும்பத்தாருக்கும்





சில மாதங்களுக்கு முன் ஒரு தாயும் மகளும் மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வந்தார்கள். தாய்க்கு மூன்று வருடங்களுக்கு முன் இடது மார்பகத்தில் புற்றுநோய் வந்திருந்தது. மார்பகத்தை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் அகற்றிய அறுவை சிகிச்சை, கீமோ, கரண்டு எல்லாம் முடிந்து, இப்போது தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். அல்ஹம்துலில்லாஹ், உடல் நன்றாக இருக்கிறது. முறுக்கு சுற்றும் வேலைக்கும் திரும்பிவிட்டார். சவூதியில் இருக்கும் மகனுக்குத்தான் மனம் ஆறவில்லை. "எவ்வளவு ஆனாலும் பரவாயில்லம்மா, ஃபுல் பாடி ஸ்கேன் ஒண்ணு எடுத்துப் பாத்துடுங்க" என்று வாரா வாரம் போன் செய்கிறார். "எனக்கு ஒண்ணும் இல்லத்தா" என்று இவர் சொன்னாலும் அவர் கேட்பதாக இல்லை. அதற்காகச் சங்கிலியை அடகு வைத்து, குறைந்த தொகைக்கு நம்மிடம் வந்திருந்தார்கள். போன வருடமும் இதே ஸ்கேனுக்கு நாம் பணம் கொடுத்திருந்தோம்.

நமக்கு ஆலோசனை சொல்லும் பெண் மருத்துவர் அன்று உடன் இருந்தார். ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கடைசியாக மேமோகிராம் எப்போது எடுத்தீர்கள்?" என்று கேட்டார். அந்தச் சகோதரி சொன்ன பதில்: "அதான் பெரிய ஸ்கேனே எடுத்துட்டோமே, சின்னது எதுக்குன்னு விட்டுட்டேங்க."

இரண்டு வருடமாக மேமோகிராம் எடுக்கவில்லை. பெரிய ஸ்கேனை எடுக்கச் சொல்லி எந்த மருத்துவரும் எழுதிக் கொடுக்கவும் இல்லை. போன வருடம் பணம் கொடுத்தபோது மருத்துவரின் சீட்டைக் கேட்காதது நம்முடைய தவறு. அதனால்தான் இந்த விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, எல்லாக் குடும்பங்களுக்கும் பயன்படும்படி இங்கே எழுதுகிறோம்.

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டதாக உலக அளவிலான மதிப்பீடு சொல்கிறது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துச் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலானோர் பல்லாண்டு நலமாக வாழ்கிறார்கள். நம் ஊரிலும் அப்படி மீண்டு வந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: இனி என்ன பார்க்க வேண்டும், எப்போது பார்க்க வேண்டும்?

முதலில் மேமோகிராம்

மேமோகிராம் என்பது மார்பகத்துக்கென்றே உள்ள எக்ஸ்ரே. இரண்டு தட்டுகளுக்கு இடையே மார்பகத்தைச் சில விநாடிகள் அழுத்தி வைத்து, ஒவ்வொரு பக்கமும் இரண்டு கோணங்களில் படம் எடுப்பார்கள். அழுத்தும்போது கொஞ்சம் வலிக்கும். அறுவை நடந்த பக்கம் கூடுதலாக வலிக்கலாம். ஆனால் அழுத்தினால்தான் குறைந்த கதிர்வீச்சில் தெளிவான படம் கிடைக்கும்.

சிகிச்சை முடிந்தவர்களுக்கு இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, மார்பகத்தில் மிச்சம் இருக்கும் பகுதியில் நோய் திரும்ப வருவது. மற்றொன்று, எதிர்ப்பக்க மார்பகத்தில் புதிதாக வருவது. இந்த இரண்டையும் கைக்குத் தென்படாத அளவிலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்தும் வாய்ப்பு அதிகம். அந்த வேலையை மேமோகிராம் நன்றாகச் செய்கிறது. நுண்ணிய சுண்ணாம்புப் புள்ளிகளைக்கூட அது காட்டிவிடும். அப்படிப்பட்ட புள்ளிகளையும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான கட்டிகளையும் பெட் ஸ்கேன் தவறவிட வாய்ப்பு உண்டு. ஆகவே பெரிய ஸ்கேன் எடுத்தால் சின்னது தேவையில்லை என்பது சரியல்ல. ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனி வேலை இருக்கிறது.

எப்போது எடுப்பது? கட்டியை மட்டும் அகற்றியவர்கள், கரண்டு முடிந்து குறைந்தது ஆறு மாதம் கழித்து முதல் மேமோகிராம் எடுக்க வேண்டும். அதற்கு முன் எடுத்தால் கரண்டு வைத்த வீக்கம் படத்தைக் குழப்பும். அதன்பின் வருடத்துக்கு ஒருமுறை இரு பக்கமும் எடுக்க வேண்டும். ஒரு பக்க மார்பகத்தை முழுதாக அகற்றியவர்களுக்கு அந்தப் பக்கம் மேமோகிராம் தேவையில்லை. மறுபக்கம் மட்டும் வருடா வருடம் எடுக்க வேண்டும். "எடுத்தாச்சே, இனி என்ன" என்று மறுபக்கத்தை மறந்துவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு.

"ஐந்து வருடம் முடிந்துவிட்டது, இனி வேண்டாம்" என்பதும் சரியல்ல. சில வகை மார்பகப் புற்றுநோய் பத்து வருடம் கழித்தும் திரும்பலாம். உடல் தெம்பு இருக்கும்வரை வருடாந்திர மேமோகிராமை விட வேண்டாம்.

கதிர்வீச்சை நினைத்துப் பயப்படுபவர்களுக்கு ஒரு விளக்கம். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நம் எல்லோர் மீதும் இயற்கையாகவே கதிர்வீச்சு விழுந்துகொண்டிருக்கிறது. ஒரு மேமோகிராமில் கிடைப்பது, அப்படி ஏழெட்டு வாரங்களில் தானாகக் கிடைக்கும் அளவுதான். சி.டி., பெட் சி.டி. ஸ்கேன்களில் இதைவிடப் பல மடங்கு அதிகம்.

அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும்

கர்ப்பிணிகளுக்கு எடுக்கிறார்களே, அதே அல்ட்ராசவுண்ட்தான் இது. கதிர்வீச்சு கிடையாது. மேமோகிராமில் ஏதாவது சந்தேகமாகத் தெரிந்தாலோ, கைக்குக் கட்டி தென்பட்டாலோ, அக்குளைப் பார்க்க வேண்டியிருந்தாலோ இதைச் செய்வார்கள். அது நீர்க்கட்டியா, கெட்டியான கட்டியா என்று பிரித்துச் சொல்லும். மார்பகம் அடர்த்தியாக இருப்பவர்களுக்கு மேமோகிராமுடன் சேர்த்து இதையும் எழுதுவார்கள். மேமோகிராமுக்குப் பதிலாக இது மட்டும் போதும் என்று நாமாக முடிவு செய்யக் கூடாது.

எம்.ஆர்.ஐ. எல்லோருக்கும் தேவையில்லை. குடும்ப வழியாக வரும் மரபணு மாற்றம் உள்ளவர்கள், இளம் வயதிலேயே நோய் வந்து மார்பக அடர்த்தியும் அதிகம் உள்ளவர்கள், மேமோகிராமிலும் அல்ட்ராசவுண்டிலும் சந்தேகம் தீராதவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் எழுதுவார். குப்புறப் படுக்கவைத்து, கையில் மருந்து ஊசி போட்டு எடுப்பார்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எம்.ஆர்.ஐ. என்பது பெரிய காந்தம். துப்பட்டாவிலும் பர்தாவிலும் குத்தியிருக்கும் ஊசிகள், ஹேர்பின், நகை எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு சின்ன ஊசியும் அங்கே ஆபத்து.

பெட், சி.டி., எலும்பு ஸ்கேன் யாருக்கு?

பெட் ஸ்கேனில் கதிரியக்கம் கலந்த ஒரு வகை சர்க்கரையை ஊசி மூலம் செலுத்துவார்கள். அதிகம் சர்க்கரையை இழுக்கும் இடம் படத்தில் ஒளிரும். புற்றுநோய் அப்படி இழுக்கும். ஆனால் புண், அழற்சி, தொற்று உள்ள இடங்களும் இழுக்கும். எலும்பு ஸ்கேனில் தேய்மானம் உள்ள முழங்கால் மூட்டும், எப்போதோ அடிபட்ட விலா எலும்பும் ஒளிரும். சி.டி.யில் பழைய காசநோய்த் தழும்புகூட சந்தேகப் புள்ளியாகத் தெரியும். பிறகு அது என்ன என்று தெரிந்துகொள்ள இன்னொரு ஸ்கேன், ஊசி போட்டுச் சதைப் பரிசோதனை என்று அலைய நேரும். முடிவு வரும்வரை வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது.

"முன்கூட்டியே தெரிந்துகொண்டால் நல்லதுதானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதை மருத்துவர்கள் நேரடியாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இத்தாலியில் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 1994-இல் வெளியாயின. ஒன்றில் 1,320 பெண்கள், மற்றொன்றில் 1,243 பெண்கள். எல்லோரும் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்தவர்கள். ஒரு பாதியினருக்கு மருத்துவர் பரிசோதனையும் வருடாந்திர மேமோகிராமும் மட்டும் செய்தார்கள். மறுபாதியினருக்கு அவற்றுடன் எலும்பு ஸ்கேன், நெஞ்சு எக்ஸ்ரே போன்றவற்றையும் குறிப்பிட்ட இடைவெளியில் எடுத்தார்கள். கூடுதலாக ஸ்கேன் எடுத்தவர்கள் அதனால் கூடுதலாக உயிர் பிழைக்கவில்லை. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

அந்த நாளில் பெட் ஸ்கேன் இந்த வேலைக்குப் புழக்கத்தில் இல்லை. மருந்துகளும் இன்று எவ்வளவோ முன்னேறிவிட்டன. ஆனாலும் உலகின் முக்கியப் புற்றுநோய் மருத்துவ அமைப்புகள் இன்றும் அதே ஆலோசனையைத்தான் தருகின்றன: சிகிச்சை முடிந்து, எந்த அறிகுறியும் இல்லாமல் இருப்பவருக்குப் பெட், சி.டி., எலும்பு ஸ்கேன் வழக்கமாக எடுக்கத் தேவையில்லை. புற்றுநோய்க் குறியீடு என்று எடுக்கப்படும் ரத்தப் பரிசோதனைகளும் அப்படியே.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இந்த ஸ்கேன்கள் வீண் என்பதல்ல. நோய் மற்ற உறுப்புகளுக்குப் பரவி அதற்காகச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு, மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க இவை கட்டாயம் தேவை. சிகிச்சை தொடங்கும் முன் நோயின் நிலையை அறியவும் பலருக்குத் தேவைப்படும். புதிதாக அறிகுறி வந்தவர்களுக்கும் தேவை. அவர்கள் இதைப் படித்துவிட்டு ஸ்கேனை நிறுத்திவிட வேண்டாம்.

எந்த அறிகுறி வந்தால் காத்திருக்கக் கூடாது?

அடுத்த செக்கப் தேதி இரண்டு மாதம் கழித்து இருக்கிறதே என்று பின்வருபவற்றைத் தள்ளிப்போட வேண்டாம்:

• மார்பகத்திலோ, தழும்பிலோ, அக்குளிலோ, கழுத்து எலும்புக்கு மேலோ புதிய கட்டி
• தழும்பு உள்ள இடத்தில் சிவப்பு, தடிப்பு, ஆறாத புண்; காம்பிலிருந்து ரத்தம் கசிவது
• வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நீடிக்கும் எலும்பு வலி, குறிப்பாக இரவில் அதிகமாகும் வலி
• விடாத இருமல், மூச்சு வாங்குதல்
• காரணம் தெரியாமல் எடை குறைவது, பசியின்மை, கண் மஞ்சளாவது
• தொடர்ந்த தலைவலியுடன் வாந்தி, வலிப்பு, கை கால் பலவீனம்
• அறுவை நடந்த பக்கத்துக் கை புதிதாக வீங்குவது
• டமாக்சிபென் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, மாதவிடாய் நின்ற பிறகும் ரத்தப்போக்கு

முதுகு வலியுடன் கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அறிகுறியைப் பார்த்து எந்த ஸ்கேன் என்று மருத்துவர் முடிவு செய்வார்.

அறிகுறி இல்லாதவர்களும் மருத்துவரைப் பார்ப்பதை நிறுத்தக் கூடாது. முதல் மூன்று வருடம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அடுத்த இரண்டு வருடம் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடம் ஒருமுறை என்பது பொதுவான கணக்கு. மருத்துவர் கையால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு ஸ்கேன் மாற்றாகாது.

சில மருந்துகளுக்கென்று தனிப் பரிசோதனையும் உண்டு. லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரைகள் எலும்பை மெலியச் செய்யலாம். அதற்கு எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுப்பார்கள். இதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து பெற்றவர்களுக்கு எக்கோ எழுதுவார்கள்.

ரிப்போர்ட்டில் உள்ள எண்

மேமோகிராம் ரிப்போர்ட்டின் கடைசியில் 'பைராட்ஸ்' என்று எழுதி ஒரு எண் போட்டிருக்கும். 1 என்றால் எதுவும் இல்லை. 2 என்றால் தெரிவது தீங்கில்லாதது. 3 என்றால் பெரும்பாலும் தீங்கில்லாதது, ஆனால் ஆறு மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். 4, 5 என்றால் சதைப் பரிசோதனை தேவை. 0 என்றால் பலரும் 'ஒன்றுமில்லை' என்று நினைத்து ஃபைலை மூடிவிடுகிறார்கள். அது தவறு. 0 என்றால் இந்தப் படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியவில்லை, இன்னொரு படமோ பழைய படமோ வேண்டும் என்று பொருள். எந்த எண்ணாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டிய பிறகே ஃபைலை மூடுங்கள்.

போகும் முன் கவனிக்க வேண்டியவை

மேமோகிராம் எடுக்கும் நாளில் மார்பிலும் அக்குளிலும் பவுடர், டியோடரண்ட், களிம்பு எதுவும் போட வேண்டாம். படத்தில் புள்ளிகளாகத் தெரிந்து குழப்பும். மேலே தனியாகக் கழற்றக்கூடிய உடை வசதி. மாதவிடாய் உள்ளவர்கள் அது முடிந்த வாரத்தில் போனால் வலி குறைவாக இருக்கும்.

பழைய படங்களையும் சி.டி.யையும் ரிப்போர்ட்டையும் கட்டாயம் கொண்டுபோங்கள். அறுவையும் கரண்டும் விட்டுச்சென்ற தழும்பு, படத்தில் நோய் போலவே தெரியும். போன வருடப் படத்தோடு ஒப்பிட்டால்தான் மாற்றம் இருக்கிறதா என்று தெரியும். படங்களை மடிக்காமல் ஒரே பையில், வருட வாரியாக வைத்திருங்கள்.

பெட் ஸ்கேன் எழுதிக் கொடுக்கப்பட்டவர்கள் நான்கு முதல் ஆறு மணி நேரம் சாப்பிடாமல் போக வேண்டும். தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை நோய் இருந்தால் மாத்திரை, இன்சுலின் பற்றி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எடுத்த பிறகு சில மணி நேரம் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் நெருங்கி இருக்க வேண்டாம். பேரப்பிள்ளையைத் தூக்குவதை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

வெளியில் சொல்லத் தயங்கும் ஒரு விஷயமும் உண்டு. ஆண் டெக்னீஷியன் இருப்பாரோ என்ற கூச்சத்தாலேயே சில சகோதரிகள் போவதில்லை. முன்பதிவு செய்யும்போதே பெண் டெக்னீஷியன் இருக்கும் நேரத்தைக் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை. பெண் துணை ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். மருத்துவத் தேவை என்று வரும்போது மார்க்கம் நம்மைச் சிரமப்படுத்தவில்லை. நோயாளிக்கு நோன்பிலும் சலுகை இருக்கிறது. ரமலானில் பரிசோதனைத் தேதி வந்தால் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள், தேதியைத் தவறவிட வேண்டாம்.

செலவும் பயணமும்

மணப்பாறையிலிருந்து திருச்சி சுமார் 40 கிலோமீட்டர். புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை, கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தது. புதன்கிழமை சந்தைக் கூட்டத்தில் பஸ் பிடிப்பது சிரமம் என்பதால், பயணத்தை வேறு நாளில் வைத்துக்கொள்வது நல்லது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். உங்களுக்கு எழுதப்பட்ட பரிசோதனை அதில் அடங்குமா என்று மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு அலுவலரிடம் கேளுங்கள். அதற்குப் பிறகு நகையைப் பற்றி யோசிக்கலாம்.

சிலர் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சை பெற்று, செக்கப்புக்கும் அங்கேயே போகிறார்கள். நமக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வேதனையில் முயன்று, 1954-இல் தொடங்கிய மருத்துவமனை அது. சிகிச்சைக்கும் மறுபரிசோதனைக்கும் போகும் புற்றுநோயாளிகளுக்கு ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. ஸ்லீப்பர் வகுப்பில் நோயாளிக்கு முழுச் சலுகை, உடன் செல்பவருக்கு 75 சதவீதச் சலுகை. மருத்துவமனையில் அதற்கான படிவத்தைக் கேட்டு வாங்கி, முன்பதிவு செய்யும்போது கொடுக்க வேண்டும்.

நாம் செய்யவிருப்பது

இனி ஸ்கேனுக்கு உதவி கேட்டு வருபவர்கள், சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் சீட்டைக் கொண்டுவர வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். உதவியை மறுப்பதற்காக இப்படிச் செய்யவில்லை. மக்கள் நம்பித் தரும் பணம் தேவையான இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அதேபோல், சிகிச்சை முடித்த எந்தச் சகோதரிக்கும் வருடாந்திர மேமோகிராமுக்கான பயணச் செலவும், வேண்டுமானால் உடன் வர ஒரு பெண் துணையும் நாம் ஏற்பாடு செய்கிறோம். விவரம் வெளியே போகாது.

வீட்டு ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளிநாட்டில் இருந்து பணம் அனுப்பும் பிள்ளைகளின் பாசத்தை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் "ஃபுல் பாடி ஸ்கேன் எடுத்தீங்களா" என்று கேட்பதற்குப் பதிலாக, "இந்த வருஷ மேமோகிராம் தேதி எப்பம்மா?" என்று கேளுங்கள். ஸ்கேன் தேதி நெருங்க நெருங்க அவர்களுக்குத் தூக்கம் வராது. வெளியே சொல்லமாட்டார்கள். அன்று ஒருவர் கூடப் போய், ரிசல்ட் வரும்வரை பக்கத்தில் இருங்கள்.

தொடக்கத்தில் சொன்ன சகோதரி அடுத்த வாரமே மேமோகிராம் எடுத்தார். ரிப்போர்ட்டில் 0 என்று வந்தது. குடும்பமே கலங்கிவிட்டது. மகள் பரணில் தேடி, மூன்று வருடத்துக்கு முந்தைய படங்களைக் கண்டெடுத்துக் கொண்டுபோனார். அவற்றோடு ஒப்பிட்டும், சந்தேகப்பட்ட இடத்தை மட்டும் இன்னொரு படம் எடுத்தும் பார்த்து, அது அறுவையின் தழும்புதான் என்று எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் இதே மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். ஸ்கேனுக்கென்று மகன் அனுப்பிய பணத்தில் சங்கிலியை மீட்டாயிற்று.

நோயுற்ற எல்லோருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சிகிச்சை முடித்த ஒரு சகோதரி இருந்தால், இந்த இதழைப் படித்த கையோடு அவரிடம் கொடுத்து, கடைசி மேமோகிராம் எப்போது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வஸ்ஸலாம்.